அறைக்குக் காய்ச்சல்

மைசூர்க்காரர்களிடம் வெயிலைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி முகம் மாறிவிடும். "மைசூர்ல செக்கேயா?" என்பார்கள். செக்கே என்றால் புழுக்கம். ஏப்ரல் மாதம் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும், கைக்குட்டையைப் பிழியலாம், ஆனாலும் இது ஃபேனே வேண்டாத ஊர் என்று சொல்லிக்கொண்டேதான் நெற்றியைத் துடைப்பார்கள். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூரிலிருந்து வேலைக்கு வந்த நானும் இருபது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். எங்கள் அலுவலகத்தில் அதை நம்பாத ஒரே ஆள் டெலிபோன் அக்கா.

"யாரு அளந்தா?" என்று கேட்பார்.

அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா ரயில்வேயில் இருந்தவர்; மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் அக்காவின் தமிழில் பாதி கன்னடம் ஏறியிருக்கும். எங்கள் அரசாங்க அலுவலகத்துக்கு வரும் எல்லா அழைப்புகளும் அவர் கை வழியாகத்தான் உள்ளே போகும். அதிகாரிகள் வெளியூருக்குப் பேசுவதென்றாலும் அவரிடம்தான் லைன் கேட்க வேண்டும். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். என் பெயர் தெரிந்தும் கடைசிவரை ஹனூரு என்றே கூப்பிட்டார்.

அவரோடு பழகுவது சுலபமில்லை, இப்போது சொன்னால் என்ன. காலையில் வந்ததும் தன் புடவை என்ன நிறம் என்று என்னிடம் கேட்பார். பச்சை என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு, அட்டெண்டர் அம்மாவைக் கூப்பிட்டு அவரிடமும் கேட்பார். ஒருநாள் அந்த அம்மாள் நீலம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு மேஜையில், "உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு டெஸ்ட் பண்ணணும்ப்பா. எனக்குத் தேவையில்ல" என்றார். ஆட்டோக்காரர் ஆபீஸ் வந்துவிட்டது என்று வண்டியை நிறுத்தினால், "இன்னும் ஒரு ஹம்ப்பு பாக்கி இருக்கு, போங்க" என்று உட்கார்ந்தே இருப்பார். வழியில் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வருவார்; அது உண்மையாகத்தான் இருக்கும். ஒருமுறை வங்கிக்கு நான் துணைக்குப் போனேன். மேலாளர், "சாதாரண ஃபாரம்தான் மேடம், இங்க ஒரு கையெழுத்து" என்றார். அக்கா தன் கைப்பேசியை எடுத்து ஃபாரத்தின் மேல் பிடித்து, அது படித்துக் காட்டிய நான்கு பக்கத்தையும் வரி விடாமல் கேட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை வாசல் வரைக்கும் போயிற்று. எனக்கு மானம் போயிற்று. அடுத்த முறை வங்கி என்றதும் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்தேன்.

அடுத்தவன் வாயால் உலகத்தைத் தெரிந்துகொள்ள அவர் மறுத்தார். அவ்வளவுதான். எல்லோரும் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தோம்.

நான் சொல்ல வந்த வருஷம், கீழ்த்தளத்தில் இருந்த அக்காவின் அறையை வீடியோ மீட்டிங் அறையாக மாற்றினார்கள். அவருடைய டெலிபோன் போர்டை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அங்கே பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஒரு தகரக்கூரை அறை இருந்தது. நிர்வாக அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். "மேல நல்ல காத்து வரும் மேடம், நம்ம மைசூர் காத்து" என்றார். அக்கா உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படிக்கக் கேட்டு, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அறுபத்தாறு படி என்று என்னிடம் சொன்னார். நான் அதுவரை எண்ணியதில்லை.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, எல்லாம் நார்மல் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே நிர்வாக அதிகாரி ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார். உடல்நிலை காரணமாகப் பணியைத் தொடர இயலவில்லை, எனவே விருப்ப ஓய்வு கோருகிறேன் என்று அதில் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் கன்னடத்தில் பேசினார்கள்; நான் தமிழில் சொல்கிறேன்.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம். உடம்பு ஒத்துக்கலைன்னா ஏன் கஷ்டப்படணும்?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் எழுதியிருக்காரே சார்."

"அப்ப ஏன் மயக்கம் வந்தது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அக்காவுக்கு இன்னும் மூன்று வருஷ சர்வீஸ் இருந்தது. வேலை போனால் அரசாங்க குவார்ட்டர்ஸும் போகும். பிறகு பெங்களூரில் அண்ணன் வீடுதான். அண்ணன் நல்லவர், அண்ணியும் நல்லவர். ஆனால் அங்கே அக்காவை அடுப்பு மூட்ட விட மாட்டார்கள், கதவைத் திறக்க விட மாட்டார்கள், குளிக்கிற தண்ணீரைக்கூட அவர்களே விளாவி வைப்பார்கள். "அங்க போனா எனக்கு எவ்வளவு சூடு வேணும்னு அண்ணிக்குத்தான்ப்பா தெரியும்" என்று ஒருநாள் சொன்னார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பத்து நாளில் ஒரு பார்சல் வந்தது. அவருடைய பழைய ஹாஸ்டல் தோழி எங்கிருந்தோ வரவழைத்து அனுப்பியது. பேசுகிற வெப்பமானி. ஒரு சோப்பு டப்பா அளவு இருந்தது. பொத்தானை அழுத்தினால் அறைக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் குரலில் சொல்லும். வெளியே அளப்பதற்கு ஒரு நீள ஒயர், அதன் முனையில் பயறு அளவுக்கு ஒரு உலோகக் குமிழ். விளக்கக் காகிதம் எறும்பு எழுத்தில் இருந்தது. நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் அக்கா கைப்பேசியைப் பிடித்து அதைப் படிக்கக் கேட்டுவிட்டார். பேட்டரியை விரலால் தடவிப் பார்த்துச் சரியான பக்கம் போட்டார். பின்னால் மூன்று பொத்தான்; எது எதற்கு என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"இன்டோர். ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபோர்" என்றது அந்தப் பெண்.

காபி கொண்டு வந்த அட்டெண்டர் அம்மாள் தட்டோடு நின்றுவிட்டார். "நூற்று நாலா? அய்யோ, ஜ்வரா" என்றார்.

காய்ச்சல் பார்க்கிற கணக்கில், ஃபாரன்ஹீட்டில் அது பேசிவிட்டது. அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம். "கேட்டியா ஹனூரு, எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த ரூமுக்குத்தான் காய்ச்சல்" என்றார். பிறகு பின்னால் இருந்த சின்ன சுவிட்சை நகத்தால் தள்ளி, அதை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றினார். நாற்பது என்று சொன்னது.

ஒயரை ஜன்னலுக்கு வெளியே விடுவதுதான் மிச்சம். அவர் எழுந்தார். நான் ஒரு பெரிய மனுஷனைப் போல, "நீங்க உக்காருங்கக்கா, இதென்ன பெரிய வேலையுங்களா, நான் கட்டிப்போடறனுங்க" என்றேன். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, சரி என்று ஒயரை என் கையில் கொடுத்துவிட்டார். இருபது வருஷத்தில் அவர் எனக்குக் காட்டிய பெரிய மரியாதை அது. நான் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, முதலில் தட்டுப்பட்டதில் ஒயரைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். என் இடத்துக்குப் போய் காபி குடித்தேன்.

அடுத்த வாரம் அக்கா ஒரு கடிதம் எழுதினார். தேதி, நேரம், அறையின் உள்ளே நாற்பத்தொன்று, வெளியே நாற்பத்தேழு. இதில் மனிதர் வேலை செய்ய முடியாது, கீழே ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்.

நிர்வாக அதிகாரி அதை மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "மைசூர்ல நாப்பத்தேழா? இதென்ன மைசூரா, ராய்ச்சூரா?" என்றார். ராய்ச்சூர் வெயிலுக்குப் பேர்போன ஊர். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "மேடம் கணக்குப்படியே வெளியைவிட உள்ள ஆறு டிகிரி குளிர்ச்சி. ஏ.சி. ரூம் மாதிரி குடுத்திருக்கோம். நன்றி சொல்லி இன்னொரு லெட்டர் எழுதுங்க மேடம்" என்றார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். இதை எழுதும்போது என் பல்லை உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏனென்றால் நாற்பத்தேழு என்று கேட்டபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மொட்டைமாடியில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் கீழே இருக்கிற வீடியோ மீட்டிங் அறையின் ஏ.சி. எந்திரம் வைத்திருந்தார்கள். நான் ஒயரைச் சுற்றியது அதன் இரும்புக் காலில். எந்திரம் கக்குகிற அனலைத்தான் அந்தக் குமிழ் வாரம் முழுக்க அளந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து சொல்லவில்லை. அன்றைக்கு என் பதவி உயர்வுக் கோப்பு அதே அதிகாரியின் மேஜையில் இருந்தது.

கூட்டம் முடிந்து மேலே போனபோது அக்கா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். கம்பி வழியாகத் தோள் வரைக்கும் கையை வெளியே விட்டு, ஒயரை விரலால் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார். முடிச்சைத் தொட்டதும் கையைச் சடக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஹனூரு, இதை எங்கப்பா கட்டின?"

"வெளியிலதானுங்க்கா."

"வெளியில எங்க?"

"நெழல்லதானுங்க."

"நெழல்ல" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு முடிச்சை அவரே அவிழ்த்தார். "பரவாயில்ல. தப்பு என்னுது. நான் தொட்டுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். வாழ்க்கையில இதான் ஒரு தடவை" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு யார் உதவியையும் அவர் கேட்கவில்லை. அறையின் வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. பெயின்ட் அடித்து அடித்து ஒட்டிப்போய், பல வருஷமாக யாரும் திறக்காதது. மேசைக் கரண்டியின் பிடியால் விளிம்பு முழுக்கச் சுரண்டி, இரண்டு நாளில் திறந்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு புங்கமரம் மாடி அளவுக்கு வளர்ந்திருந்தது. அதன் கிளை ஒன்றைத் தடவிப் பார்த்து, காலையிலும் மதியத்திலும் சாயங்காலமும் இலை சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, எந்த நேரமும் வெயில் படாத இடத்தில் குமிழைக் கட்டினார். இப்போது வெப்பமானி வேறு கதை சொன்னது. வெளியே முப்பத்தைந்து. உள்ளே நாற்பத்தொன்று.

நான், "திருத்தி இன்னொரு லெட்டர் எழுதலாமுங்க்கா" என்றேன்.

"எழுதினா படிப்பாங்க. படிச்சா சிரிப்பாங்க. இனிமே காதாலயே கேக்கட்டும்" என்றார்.

மறுநாள் முதல் அது ஆரம்பித்தது. அழைப்பை வாங்கி, உள்ளே இருப்பவர் எண்ணை அழுத்தி, அவர் எடுக்கும்வரை எப்படியும் எட்டு பத்து நொடி ஆகும். அந்த நேரத்தில் வழக்கமாக, "லைன்ல இருங்க" என்று மட்டும் சொல்வார். இப்போது அதைச் சொல்லிவிட்டு வெப்பமானியை ரிசீவரின் வாய்ப்பகுதிக்கு அருகே பிடித்துப் பொத்தானை அழுத்தினார். "இன்டோர். ஃபார்ட்டி ஒன் பாயின்ட் டூ. அவுட்டோர். தர்ட்டி ஃபைவ் பாயின்ட் சிக்ஸ்." பிறகு இணைப்பைக் கொடுத்தார். ஒரு அழைப்புகூடத் தாமதமாகவில்லை. வேலையில் குறை என்று யாரும் சுட்ட முடியாது. நிர்வாக அதிகாரி பெங்களூருக்கு லைன் கேட்டாலும் முதலில் அந்த வெள்ளைக்காரப் பெண்தான் அவரிடம் பேசினாள்.

இரண்டு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. குண்டலுபேட்டையிலிருந்து கோப்பு விஷயமாகப் பேசுகிற ஒருவர், "இவத்து எஷ்டு மேடம்?" என்று இன்றைக்கு எவ்வளவு என்பதைக் கேட்டுவிட்டுத்தான் தன் விஷயத்துக்கு வந்தார். மைசூரில் நாற்பத்தொன்றா, எந்த இடம் அது என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நான் உக்காந்து பேசற ரூம். நீங்க வந்து பாக்கலாம்."

பெங்களூர் தலைமை அலுவலகத்து மேலதிகாரி அம்மாள் ஒருநாள் போன் செய்தபோது அவரும் அதைக் கேட்டிருக்கிறார். அவர் எங்கள் நிர்வாக அதிகாரியிடம் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போனை வைத்த கையோடு நிர்வாக அதிகாரி இழுப்பறையைத் திறந்து அந்த விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை எடுத்தார். என்னைப் பார்த்து, "வாங்க, சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார். மத்தியானம் மூன்று மணி. அறுபத்தாறு படியையும் வேகமாக ஏறினார். நான் பின்னால் போனேன்.

அக்கா ஒரு அழைப்பில் இருந்தார். கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார். நாங்கள் நின்றோம். தலைக்கு மேல் தகரம் படபடவென்று சத்தம் கொடுத்தது. இணைப்பைக் கொடுத்து முடித்ததும் அதிகாரி ஆரம்பித்தார்.

"அந்த மிஷினை இனிமே போன்ல வெக்கக் கூடாது மேடம்."

"எழுதிக் குடுங்க சார். எதை வெக்கக் கூடாது, அது எத்தனை டிகிரி சொல்லுது, ஏன் கூடாது, மூணும் இருக்கணும்."

"அது பொய் சொல்ற மிஷின். நாப்பத்தேழுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. கண்ணு தெரியாத மனுஷி எங்க கொண்டுபோய் கட்டினீங்களோ யாருக்குத் தெரியும்? இவரைக் கேளுங்க, இவரும் அன்னிக்கு மீட்டிங்ல இருந்தவர்தான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். பதவி உயர்வு என் கண் முன்னால் வந்து நின்றது, பொய் சொல்வானேன்.

"அதை ஏ.சி. மிஷின் கால்ல கட்டுனது நாந்தானுங்க சார்" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி கன்னடத்தில் சொன்னேன். "கண்ணு தெரிஞ்ச நாந்தான் தப்பாக் கட்டினேன். இப்ப இருக்கிறது அவங்க கட்டினது. மரத்து நெழல்ல இருக்கு. எட்டிப் பாருங்க."

அவர் எட்டிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "அது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா" என்றார்.

அதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது, அது முடிவதற்குள் இன்னொன்று. அக்கா நிதானமாக ஒவ்வொன்றையும் எடுத்தார். கதவுப் பக்கம் நின்ற அதிகாரிக்குக் காதோரம் வழிந்த வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்தார், அது போதவில்லை. போய்விட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நின்றார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். தன் கையில் இருந்த காகிதத்தை இரண்டாக மடித்து முகத்துக்கு நேரே விசிற ஆரம்பித்தார். தான் செய்வது அவருக்கே தெரியவில்லை.

அக்கா ரிசீவரை வைத்துவிட்டுக் காதைச் சாய்த்தார்.

"சார், நான் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் அதுதானா?"

விசிறல் நின்றது.

"வச்சுக்கங்க" என்றார் அக்கா. "உங்களுக்குத்தான் இப்ப தேவைப்படுது."